காட்பாடியில் இறங்குவோரின் சாப்பாடு

காட்பாடி சந்திப்பில் இறங்கும் வெளியூராரில் ஏராளமானோர் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய வைத்திய சாலை, இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாக வங்காளம், அஸ்ஸாம் முதலிய இடங்களிலிருந்தும் நோயாளிகளை ஈர்க்கிறது. உடன் வருவோர் வாரக்கணக்கில் ஹோட்டலிலேயே உண்ண வேண்டியவர்கள். தரகன் கைகாட்டும் இடத்துக்குப் போனால் பணமும் போகும், வயிறும் கெடும்.

ஊரார் உண்ணும் கடையே நல்ல கடை. அருகிலுள்ள ஆம்பூரைப் பாருங்கள். தோல் தொழிலாளர் கூடும் கடையில் சீரகச் சம்பா பிரியாணியோ, அதனுடன் வரும் கத்தரிக்காயோ பழுதானால், மறுநாள் அங்கே ஈ காக்கை இராது. ஒருமுறை மட்டுமே வரும் அந்நியனிடம் கடைக்காரருக்கு அந்த அச்சம் ஏது?

ஆகவே, ஒவ்வொரு ஹோட்டல் வாயிலிலும் விலைப் பட்டியல் தொங்க வேண்டுமென மாநகராட்சியார் கண்டிப்புடன் உத்தரவிட வேண்டும். ஆஸ்பத்திரிப் பக்கம் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, விலையையும் அதே எழுத்தில் எழுதுவது கஷ்டமா? ரயில்வே உணவுச்சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் என்ற அநீதியே 1941-இல் ஜனங்களின் கிளர்ச்சியால் ஒழிந்தது. ஒரு பலகை மாட்டுவது அதனினும் பெரிய காரியமன்று.