வேர்டில் மாட்டிய பழைய கடிதங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்து 187 என்று டைப் செய்யுங்கள். ஒட்டினாற்போல் டி, ஹெச் என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். பொதுவாக அந்த இரண்டு எழுத்துகளும் சிறிதாகி மேலே ஏறிக்கொள்ளும். இந்தச் சின்ன வசதிதான் 2004ல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியைச் சிக்கலில் மாட்டிவிட்டது.

அந்த ஆண்டு செப்டம்பர் 8 அன்று அதன் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி சில கடிதங்களைக் காட்டியது. அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ், இளமையில் ராணுவப் பணியை ஒழுங்காகச் செய்யவில்லை என்று அவரது மேலதிகாரி 1972, 73ல் எழுதியவையாம். சில மணி நேரத்திலேயே இணையத்தில் சந்தேகம் கிளம்பியது. ஒருவர் அதே வரிகளை வேர்டில், ஃபாண்டைக்கூட மாற்றாமல் டைப் செய்து கடிதத்தின் மேல் வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய அப்படியே பொருந்தியது! கடிதங்கள் உண்மையானவை என்று நிரூபிக்க முடியவில்லை என செப்டம்பர் 20 அன்று சிபிஎஸ் ஒப்புக்கொண்டது.

இதைக் கம்ப்யூட்டரின் வெற்றி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1440லேயே இத்தாலிய அறிஞர் லோரென்சோ வல்லா இதைச் செய்துவிட்டார். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதியின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது. அதன் லத்தீனைத் துருவிப் படித்த வல்லா, 'சத்ரப்' என்ற சொல் அன்றைய ரோம அரசு ஆவணத்தில் எப்படி வரும் என்று கேட்டார். சாசனம் போலி என்பது அம்பலமானது.

இணையச் செய்தியாளர்களுக்குப் பயிற்சி என்றாலே புதுப் புது சாஃப்ட்வேர்களைத்தான் கற்றுத் தருகிறார்கள். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நான் சொல்கிறேன், அவர்கள் முதலில் வரலாறும் மொழியும் படித்தவர்களிடம் உட்கார வேண்டும். (எங்கள் இன்ஜினியரிங் கல்லூரியில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.) இந்தச் சொல் அந்தக் காலத்தில் உண்டா என்பதோடு, இந்தக் காகிதம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்றும் அவர்கள் கேட்பார்கள். சிபிஎஸ் சறுக்கியது இரண்டாவது கேள்வியில்தான். மேலே ஏறிய எழுத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது; அந்தக் கால டைப்ரைட்டர்கள் சிலவற்றிலும் அந்த வசதி உண்டு. ஆனால் சிபிஎஸ்சிடம் இருந்தவை ஜெராக்ஸ் நகல்கள். அசல் எங்கே என்றால் பதில் இல்லை.

ஃபைலில்தான் தேதி இருக்கிறதே என்கிறீர்களா? கம்ப்யூட்டரின் தேதியைச் சில வருடம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நோட்பேடில் ஏதாவது எழுதிச் சேமியுங்கள். அந்த ஃபைலை ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள், பழைய தேதியையே காட்டும். பார்த்துவிட்டு மறக்காமல் தேதியைச் சரிசெய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பல இணையதளங்கள் திறக்காமல் அடம்பிடிக்கும்.