கடன் அவள் பேரில், பத்திரம் அவன் பேரிலா?

வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கிற நாடு இது. அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் நம்மாளுங்க வாயைக் கட்டி வயித்தைக் கட்டி சொந்த வீடு வாங்கப் போறாங்க. அங்கே வங்கி வேறொரு கேள்வி கேட்கிறது: 'சிபில் ஸ்கோர் என்ன?'

செங்கல்பட்டு பக்கம் ஒரு தோழர். அரசு வேலை. துணைவியார் தையல் தைக்கிறார். இருவர் பேரிலும் வீடு வாங்கக் கடன் கேட்டார்கள். மேலாளர் சொன்னார்: 'சார், உங்க ஸ்கோர் நல்லாருக்கு. மேடத்தோடதுதான் மோசம். அவங்க பேரை எடுத்துடுங்க, லோன் ஆயிடும்.' தோழரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அந்தம்மா ஸ்கோர் ஏன் மோசமாச்சு? குழுக்கடன். மைக்ரோ பைனான்ஸ்காரன் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் கொடுக்கிறான். மானத்துக்குப் பயந்து கட்டிடுவாங்கன்னு அவனுக்குத் தெரியும். வாங்கின காசு மாமனார் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளை காலேஜ் பீசுக்கும் போச்சு. 2020 ஊரடங்கில் தையல் நின்றது, தவணையும் நின்றது. குடும்பம் பட்ட கடன். கறை மட்டும் அவளுக்கு.

கல்யாணம் ஆனாலும் கடன் பதிவேடு ஆளுக்கு ஆள் தனித்தனி. அதனால் கணவன் மட்டும் தனியாகக் கடன் வாங்க முடியும். ஆனால் பத்திரத்தில் பேர் இருப்பவர்கள் எல்லோரும் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வங்கிகளின் வழக்கம். கடனிலிருந்து அவள் பேரை எடுத்தால் பத்திரத்திலிருந்தும் போய்விடும்.

'யார் பேர்ல இருந்தா என்ன, குடும்பத்துக்குத்தானே?' என்கிறார் தோழர். இதைத்தானே பண்ணையார் நம் தாத்தாவிடம் சொன்னான்: 'நிலம் யார் பேர்ல இருந்தா என்ன, உழுறது நீதானே?' 1892-ல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தின் பட்டா இன்று எத்தனை இடத்தில் யார் பேரில் இருக்கிறது? பேரின் அருமை நமக்கா தெரியாது? பெண்ணுக்குச் சொத்துரிமை தரும் இந்து சட்ட மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள் என்றுதான் 1951-ல் அண்ணல் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். அவர் படத்தை மாட்டத்தானே இந்த வீடு?

ஸ்கோர் தலையெழுத்து இல்லை. 300-லிருந்து 900 வரை போகிற வெறும் எண். வருஷத்துக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். தப்பு இருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரணும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவு. பேரம் பேசிப் பாதி கட்டினால் 'செட்டில்டு' என்று விழும், அதுவும் கறைதான். பாக்கியை முழுசாகக் கட்டி 'குளோஸ்டு' என்று மாற்ற வைத்து, நோ டியூ சர்டிபிகேட்டைக் கையோடு வாங்குங்கள். அதற்குப் பிறகு தவணை தவறாமல் இருந்தால் எண் மெல்ல ஏறும். அவள் தையல் வருமானத்தையும் அப்போது சேர்த்துக் காட்டலாம்.

வீட்டை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்க தோழர். அவங்க பேரைத் தள்ளாதீங்க.