பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிறவர்கள்



பாடசாலை விட்டபின் வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக நடந்தாலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியால் போனாலும், சீருடையோடு ரியூஷனுக்கு ஓடும் பெண்பிள்ளைகளைக் காணலாம். அவர்களில் சிலருடைய தோளில் புத்தகப் பையோடு இன்னொரு பையும் தொங்கும். உள்ளே சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், முகம் துடைக்க ஒரு துவாய். கூடைப்பந்துக்கோ வலைப்பந்துக்கோ பிராக்டிஸ் போகிற பிள்ளைகள் அவர்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும்.

2018 செப்டெம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஆசிய வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டியில் இலங்கை அணி சிங்கப்பூரை 69-50 என்று வென்றது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணம் நாடு திரும்பியது. அந்த வெற்றியைச் சொன்னதும் நமக்கு நினைவுக்கு வருகிறவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம். ஆறு அடி பத்து அங்குல உயரம், வளையத்தின் கீழே எவரும் எட்ட முடியாத கைகள். அவரை நாம் கொண்டாடியது மிகச் சரி. ஆனால் அந்த அணியின் பயிற்றுவிப்பாளர் யார் என்று கேட்டால் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? அவர் பெயர் திலகா ஜினதாச. ஒரு காலத்தில் தேசிய அணிக்குத் தானே ஆடியவர். உயரமான ஒருவர் இருந்தால் மட்டும் கிண்ணம் வந்துவிடாது. அந்த உயரத்துக்குப் பந்து போய்ச் சேரும் வழியை மற்றப் பிள்ளைகளுக்குப் பழக்கியாக வேண்டும். அது பயிற்றுவிப்பாளரின் வேலை.

நம் கல்லூரிகளில் நிலைமை எப்படி? பெரும்பாலும் ஒரேயொரு ‘கோச்’. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவார். பந்தைப் பிடிக்கப் பழக்குகிறவர் அவர். ஓட வைக்கிறவரும் அவர். கணுக்கால் பிசகினால் ஐஸ் வைத்துக் கட்டுகிறவரும், மத்தியஸ்தரிடம் போய்க் கதைக்கிறவரும், அழுகிற பிள்ளையைத் தேற்றுகிறவரும் அவர்தான். கூடவே ஒரு பொறுப்பாசிரியை இருப்பார். பாடம் முடித்து, கொப்பி திருத்தி, மிஞ்சிய நேரத்தில் அணியோடு பஸ்ஸில் ஏறுகிறவர். இவர்கள் இருவரும் இத்தனை ஆண்டுகளாகச் சுமந்து வருவதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. ஆயினும் கலியாண வீட்டுச் சமையலை ஒருவர் தலையில் கட்டிவிட்டு நாம் பந்தியில் போய் உட்கார்ந்துகொள்வதில்லையே. பிள்ளைகளின் உடம்பையும் மனத்தையும் மட்டும் ஏன் அப்படி ஒருவரிடம் விட்டுவிடுகிறோம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மகளிர் கூடைப்பந்தாட்ட அணிகளைப் பாருங்கள். தலைமைப் பயிற்றுவிப்பாளருக்குக் கீழே உதவிப் பயிற்றுவிப்பாளர்கள் சிலர். பந்தை நடத்திச் செல்லும் ‘கார்ட்’ பிள்ளைகளை ஒருவர் கவனிப்பார். வளையத்தின் கீழே நிற்கும் உயரமான பிள்ளைகளை இன்னொருவர் கவனிப்பார். எதிரணியின் ஆட்டங்களை வீடியோவில் பார்த்துக் குறிப்பெழுத ஒருவர், உடற்தகுதிக்கு ஒருவர், காயங்களுக்கு ஒருவர், பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும்.

அங்கும் இது ஒரே நாளில் வந்ததல்ல. 1974இல் பட் சமிட் என்ற 22 வயதுப் பெண் டென்னசி பல்கலைக்கழக மகளிர் அணியைப் பொறுப்பேற்றபோது மாதச் சம்பளம் 250 டொலர். அணியின் வானை அவரே ஓட்டினார், பிள்ளைகளின் சட்டைகளை அவரே துவைத்தார். அந்தச் சட்டைகளும் டோனட் விற்ற காசில் வாங்கியவை. அங்கிருந்து தொடங்கி 38 பருவங்கள் பயிற்சி கொடுத்தார். 1,098 வெற்றிகள், எட்டுத் தேசிய சம்பியன் பட்டங்கள். நம் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டியது இதைவிடப் பெரிய ஒரு செய்தி: அவரிடம் முழுக்காலமும் ஆடி முடித்த பிள்ளைகள் அத்தனை பேரும் பட்டம் பெற்றார்கள். விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இதுவே பதில். வகுப்பறையில் முன்வரிசைகளில் உட்கார வேண்டும், வகுப்பைத் தவறவிடக் கூடாது என்பது அவருடைய சட்டம். அவரிடம் ஆடியவர்களும் அவருக்கு உதவியாக இருந்தவர்களும் பின்னாளில் எத்தனையோ அணிகளுக்குப் பயிற்றுவிப்பாளர்களாகப் போனார்கள்.

பெண்ணொருவர் பயிற்சி கொடுப்பதும் புதிதல்ல. கூடைப்பந்தாட்டத்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் உருவாக்கினார். அடுத்த ஆண்டே சென்டா பெரன்சன் என்ற உடற்பயிற்சி ஆசிரியை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு அதைப் பழக்கிவிட்டார். பெண்களின் கூடைப்பந்து ஒரு பெண்ணின் கையில்தான் பிறந்தது. ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். 1972இல் கல்வி நிலையங்களில் பால்வேறுபாட்டைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. அப்போது அங்குள்ள கல்லூரி மகளிர் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண் பயிற்றுவிப்பாளர்களிடமே இருந்தன. சட்டத்தால் பணம் வந்தது, சம்பளம் கூடியது, ஆண்களும் அந்த வேலைக்கு வந்தார்கள். இன்று பெண்களின் பங்கு பாதிக்கும் குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். பயிற்றுவிப்பாளர்களிலோ 13 வீதம் மட்டுமே. ஆடும் இடத்துக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள், ஆட்டுவிக்கும் இடம் இன்னும் திறக்கவில்லை.

ஆண் பயிற்றுவிப்பாளர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பெண்பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகப் பார்த்து வளர்த்த ‘சேர்’மார் கொழும்பில் பலர் உண்டு, அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். என்றாலும் பதின்மூன்று வயதுப் பிள்ளை மாதவிடாய் நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அதை யாரிடம் சொல்வாள்? வெளியூர்ப் போட்டிக்குப் போய் இரவு தங்கும்போது, மனத்துக்குச் சரியில்லை என்று படுகிற ஒன்றை யாரிடம் முறையிடுவாள்? அணியின் பொறுப்பில் ஒரு பெண்ணாவது இருந்தால் பிள்ளை வாய் திறப்பாள். நல்ல ஆண் பயிற்றுவிப்பாளருக்கும் அது பாதுகாப்புத்தான்.

இன்னொன்று முழங்கால். பாய்ந்து இறங்கும், சட்டென்று திரும்பும் ஆட்டங்களில் முழங்காலுக்குள் இருக்கும் ‘ஏ.சி.எல்.’ என்ற தசைநார் அறுந்துபோகும் வாய்ப்பு, ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு. அறுந்தால் சத்திரசிகிச்சை, பிறகு ஒன்பது மாதமோ ஓராண்டோ வெளியே இருக்க வேண்டும். சாதாரணதரப் பரீட்சை ஆண்டில் அது நேர்ந்தால் ஒரு வீடே கலங்கிப்போகும். தடுக்க வழியுண்டு. முழங்கால் மடித்து மெல்ல இறங்கப் பழகுவது, தொடையின் பின்பக்கத் தசையையும் இடுப்பையும் வலுவாக்குவது, ஒற்றைக்காலில் நிலைகுலையாமல் நிற்பது. பிராக்டிஸ் தொடங்கும் முன் பதினைந்து நிமிடம் இவற்றைச் செய்தால் காயங்கள் கணிசமாகக் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரிய செலவில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்கவும், செய்கிறார்களா என்று பார்க்கவும் தெரிந்த ஒருவர் வேண்டும். இயன்மருத்துவர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்துபோனாலே எத்தனை முழங்கால்கள் தப்பும்!

சரி, பெண் பயிற்றுவிப்பாளர்களுக்கு எங்கே போவது? தூரமாகத் தேட வேண்டாம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையைப் பாருங்கள். 19 வயதில் இந்திய மகளிர் கூடைப்பந்தாட்ட அணிக்குத் தலைவியானவர். தாயான பிறகும் அணிக்குத் திரும்பினார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கிண்ண ‘பி’ பிரிவு இறுதிப் போட்டியில் கசகஸ்தானை 75-73 என்று வென்ற அணியில் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஆட்டத்தை நிறுத்தியபின் வீட்டோடு இருந்துவிடாமல் பயிற்றுவிப்பாளரானார்.

நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வெள்ளவத்தை சைவ மங்கையர் வித்தியாலயத்திலும் கொட்டாஞ்சேனை நல்லாயன் கன்னியர் மடத்திலும் இன்னும் பல கல்லூரிகளிலும் படித்து, ஆடி, கிண்ணம் வாங்கி, இப்போது வங்கியிலும் அலுவலகத்திலும் வீட்டிலும் இருக்கிற அக்காமார், அன்ரிமார். சுகததாச உள்ளக அரங்கு கொட்டாஞ்சேனையிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே ஒருகாலத்தில் ஆடியவர்களில் எத்தனை பேர் இன்று பார்வையாளராகக்கூடப் போவதில்லை! பயிற்சிநெறி வேண்டுமென்றால் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்பே இருக்கிறது. உயர்தரம் எழுதிவிட்டு என்ன படிப்பதென்று தடுமாறும், விளையாட்டில் ஆசையுள்ள பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். பயிற்றுவிப்பாளர் வேலையும் ஒரு தொழில்தான்.

பழைய மாணவியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து நீங்கள் அனுப்பும் பணத்தில் மண்டபங்கள் எழுந்திருக்கின்றன, கூரைகள் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த முறை சேரும் பணத்தில் ஒரு பங்கை மனிதர்களுக்கு ஒதுக்குங்கள். ஓர் உதவிப் பயிற்றுவிப்பாளருக்கு ஓராண்டுக்கான கொடுப்பனவு, இயன்மருத்துவரின் மாத வருகை, பொறுப்பாசிரியைக்கு ஒரு முதலுதவிப் பயிற்சி. பெயர்ப்பலகை வைக்க இவற்றில் இடமிருக்காது. ஆனால் பலன் பிள்ளைகளின் உடம்பில் நிற்கும்.

பெற்றோரே, பெறுபேறு கேட்பதுபோல இதையும் கேளுங்கள்: என் மகளின் அணிக்கு யார் பொறுப்பு? அவர்களில் பெண் ஒருவர் இருக்கிறாரா? காயம்பட்டால் பார்ப்பது யார்? அதிபர்களே, அந்தக் கேள்விகளைத் தொந்தரவாக எண்ணாதீர்கள். ஆடிப் பழகிய சகோதரிகளே, வாரத்தில் இரண்டு மாலை போதும். உங்கள் கல்லூரித் திடலுக்குப் போய், அங்கே தனியாக நிற்கும் பயிற்றுவிப்பாளரிடம் “நானும் வாறன்” என்று சொல்லுங்கள். அப்படிப் போகிறவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் அனுபவங்களுக்கு இந்த இதழில் எப்போதும் இடமுண்டு.

அன்புடன்,
ஆசிரியர்