முதல்ல ஓட்டையைப் பாருங்கய்யா!

வீட்டை வித்துட்டு பாய்மரப் படகு வாங்கி, அதுலயே குடித்தனம் நடத்திக்கிட்டு உலகம் சுத்தப் போறோம்னு கிளம்புற ஜோடிகள் நான் இருக்கிற இங்கிலாந்துத் தென்கரையில நிறைய. கிளம்பட்டும், எனக்கும் பொறாமைதான். ஆனா படகைத் தயார் பண்ற லட்சணம் இருக்கே, அதைப் பாத்தாத்தான் பத்திக்கிட்டு வருது. உப்புத்தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற மெஷின், லித்தியம் பேட்டரி, ஐஸ் போடுற பொட்டி, மெத்தைக்குப் புது உறை. வீடியோ பூரா இதான். அடியில இருக்கிற ஓட்டையைப் பத்தி மூச்சே இல்லை.

என்ன ஓட்டையா? கழிப்பறைக்கு, எஞ்சினைக் குளிர வைக்கன்னு நீர்மட்டத்துக்குக் கீழே துளை போட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு வால்வும் ஹோஸும் மாட்டியிருப்பாங்க. வெண்கல வால்வுன்னா நல்லது. காசை மிச்சம் பிடிக்கப் பல படகுல பித்தளைதான். உப்புத்தண்ணி பித்தளையில இருக்கிற துத்தநாகத்தைத் தின்னுடும். பார்க்க முழுசா இருக்கும், உள்ளே பிஸ்கட். போன வருஷம் கரையேத்தி வச்சிருந்த நண்பர் படகுல ஒரு வால்வைச் சுத்தியலால லேசாத் தட்டினேன், கையோட வந்துடுச்சு. 60 செ.மீ. ஆழத்துல 38 மி.மீ. துளை திறந்தா நிமிஷத்துக்கு 100 லிட்டருக்கு மேல உள்ளே வரும். அப்புறம் மெத்தை உறை என்ன கலர்னா என்ன?

வசதி இல்லாம வருஷக்கணக்கா எப்படி வாழுறதுன்னு சண்டைக்கு வருவீங்க. லின், லாரி பார்டி தம்பதி 24 அடி செராஃபின்ல, எஞ்சினே இல்லாம, 1968-ல கிளம்பி 11 வருஷம் சுத்தினாங்க.

அதே 1968-ல நிக்காம தனியா உலகம் சுத்துற போட்டி. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனோட சுஹைலி, நம்ம பம்பாயில கட்டின 32 அடி தேக்குப் படகு. ரேடியோ போச்சு, தானா திசை பிடிக்கிற கருவி உடைஞ்சுது, குடிதண்ணி கெட்டுச்சு. பலகை இடுக்குல கசிஞ்சப்ப மனுஷன் நடுக்கடல்ல முங்கி அடைச்சார். மழைத்தண்ணியைப் பிடிச்சுக் குடிச்சு, 312 நாள்ல ஊர் திரும்பினார். அதே போட்டியில டொனால்ட் குரோஹர்ஸ்ட், எலக்ட்ரானிக்ஸ் ஆசாமி. கவிழ்ந்தா படகைக் காப்பாத்த கம்ப்யூட்டர் வைக்கிறதா திட்டம். கிளம்பும்போது கேபின்ல வயர் இருந்துச்சு, கம்ப்யூட்டர் இல்லை. தண்ணி இறைக்க வேண்டிய ஹோஸ் கரையிலேயே தங்கிடுச்சு. 1969 ஜூலையில ஆளில்லாத படகுதான் கிடைச்சுது. கடன், பொய்க்கணக்குன்னு வேற காரணமும் உண்டு, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் படகு தென்கடலுக்கு லாயக்கில்லைன்னு அவருக்கே தெரிஞ்சு போனதுல ஆரம்பிச்சதுதான் பொய்க்கணக்கு.

ஐஸ் பொட்டி வாங்கிக்குங்க, வேணாம்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி வால்வை மாத்துங்க. பாய்மரத்தைப் பிடிச்சு நிறுத்துற எஃகுக் கம்பிக்குப் பத்து வருஷம் ஆச்சான்னு பாருங்க. ஒவ்வொரு வால்வு பக்கத்துலயும் அளவா ஒரு ஆப்பு கட்டி விடுங்க. நம்ம பதிவுலக ஆப்பு இல்லைங்க, நிஜமான மர ஆப்பு, சில்லறைக் காசுதான். அடுத்த வீடியோவுல அதைக் காட்டுங்க, மொத லைக் என்னோடது.