கடலோரத்து அயலார்

தண்டலத்தில் இரவிலும் ஓசை ஓய்வதில்லை. நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் விரைகின்றன; ஷிப்டு முடித்தோரை ஏற்றிய பேருந்துகள் விடியுமுன்னே வந்து நிற்கின்றன. ஆதலின், ஓய்வு பெற்றபின் பெசன்ட் நகர் போன்ற அமைதியான கடற்கரைக் குடியிருப்பில் வாழ வேண்டுமென நம் குடும்பங்கள் சில விழைவதில் வியப்பில்லை. அன்னை வேளாங்கண்ணித் திருத்தலமும் அருகிலிருக்கிறதே என்பர். (ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை, திருவிழா நாள்களில், அங்கே அமைதியைத் தேட வேண்டா!)

கடற்காற்று இனியதே. ஆயினும் அதன் உப்பு சன்னல் கம்பிகளை அரிக்கும்; கூரையினுள்ளிருக்கும் இரும்பு துருவேறிப் பருத்துக் காரையைப் பெயர்த்துவிடும். இச்செலவையும் கணக்கிடுதல் நன்று.

நாம் முக்கியமாகக் கூற விழைவது வேறு. அக்கரை ஆளற்ற கரையன்று. ஊரூர்க் குப்பமும் ஆல்காட் குப்பமும் அங்குள்ளன. மாடிவீட்டார் உறங்கும் வேளையில் மீனவர் படகு தள்ளுகின்றனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையின் சீற்றத்தைக் கரையோரத்தில் நின்று ஏற்றவர்களும் அவர்களே. அவர்தம் வலை உலர்வதும் மீன் நாறுவதும் தம் அமைதிக்கு இடையூறு எனப் பின்வந்தோர் முகஞ்சுளிப்பது எங்ஙனம் பொருந்தும்?

அங்கே வெண்ணிற நினைவுச் சின்னமொன்று கடலை நோக்கி நிற்கிறது. 1930 டிசம்பர் 30-இல் பிறர் உயிரைக் காக்க முனைந்து மூழ்கி இறந்த டென்மார்க் நாட்டவர் ஷ்மிட் என்பாருக்கு எழுப்பப்பட்டது அது. அதனருகே காற்று வாங்குவோருள் அவரை அறிந்தோர் சிலரே.

வீடு பார்க்கச் செல்லும் நம்மவர், தரகரிடம் பேசுமுன் குப்பத்துத் தாய்மாரிடம் மீன் வாங்கிச் சற்றே உரையாடட்டும். எத்திங்களில் கடல் எதுவரை ஏறும் என்பதையும் அவர்களிடமே கேட்டறியலாம்.