கரண்ட் இங்கே, வேலை எங்கே?

தூத்துக்குடியில் என்ஜினீயரிங் முடித்த பையன் இருக்கும் வீட்டில் ஒரே பேச்சு: "மேலே என்ன படிக்க?" கிடைத்த காலேஜில் எம்.இ. சேர்த்துவிட்டு அப்பா வட்டிக்கு அலைகிறார். பொறுங்க அண்ணாச்சி!

கரண்ட் நமக்குப் புதுசா? 1979-ல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1986-ல் முள்ளக்காட்டில் காற்றாலை சுழன்றது. 2025 செப்டம்பரில் துறைமுகத்திலேயே பசுமை ஹைட்ரஜன் சோதனை நிலையம் திறந்தாச்சு. உள்ளே என்ஜினீயர் நாற்காலியில் நம்ம பிள்ளைகள் எத்தனை பேர்?

முதலில் 'கேட்' பரீட்சை எழுதட்டும். நல்ல மார்க் வந்தால், அங்கீகாரம் பெற்ற காலேஜில் எம்.இ. படிக்கும்போதே மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. என்.டி.பி.சி.யும் அந்த மார்க்கைப் பார்த்து ஆள் எடுக்கிறது. அனல்மின் வேலைதான் வேணும் என்றால் நெய்வேலியில் தேசிய மின் பயிற்சி நிலையம் முதுநிலை டிப்ளமா நடத்துகிறது; ஒரே வருஷம். (நிலக்கரியை நம்பி முப்பது வருஷம் ஓட்ட முடியுமா என்பது வேறு கதை.)

கையில் காசில்லாத வீட்டுக்கு என் யோசனை வேறு. 2001-ம் வருஷச் சட்டப்படி, கரண்டை அள்ளித் தின்னும் பெரிய ஆலைகள் எரிசக்தி மேலாளர் ஒருவரை வைத்தே ஆகணும். மூன்று வருஷம் வேலை பார்த்த என்ஜினீயர் அதற்கான பரீட்சை எழுதலாம். சம்பளமும் நிற்காது, காலேஜ் பீசும் கிடையாது. இதை எந்தக் காலேஜும் வாசலில் போர்டு போட்டுச் சொல்லாது!