தெத்துப்பல் தலையெழுத்தா?

தெத்துப்பல் இருந்தால் அதிர்ஷ்டம் என்பார் சிலர். பல் எடுப்பாக இருந்தால் பட்டப்பெயர் சூட்டிச் சிரிப்பார் வேறு சிலர். இரு சாராரும் பல்லைப் பார்க்கிறார்களே அன்றி, அது நிற்கும் வளைவைப் பார்ப்பதில்லை. கோணற்பல் தலையெழுத்தன்று, பெரும்பாலும் அது இடப்பற்றாக்குறையே என்பது என் கருத்து.

நம் பற்கள் மேலும் கீழும் வில்லைப் போல் வளைந்த வரிசையில் நிற்கின்றன. மேல்வளைவு சற்றே பெரியது. பெட்டியின் மேல் மூடி கவிவதுபோல அது கீழ்வளைவின் மேல் கவிய வேண்டும். மேல்வளைவு குறுகிக் கூம்பிவிட்டாலோ, முன்பற்கள் வெளியே தள்ளும். பின்பற்கள் குறுக்காகக் கடிபடும். நெடுநாள் விரல் சூப்பும் குழந்தைகளுக்கு இவ்வாறு நேர்வதுண்டு. விரல் அண்ணத்தை மேலே அழுத்த, கன்னத் தசைகள் இருபுறமும் உள்நோக்கி நெருக்குகின்றன.

எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899இல் கடியின் கோணல்களை மூன்று வகையாகப் பிரித்தார். அதற்கு அவர் அளவுகோலாகக் கொண்டது முன்பற்களை அல்ல. ஏறத்தாழ ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலையான கடைவாய்ப்பல்லை. நம் வீடுகளில் யாரும் கண்டுகொள்ளாத பல்லும் அதுவே! எந்தப் பல்லும் விழாமல், பால்பற்களுக்குப் பின்னால் ஓசையின்றி முளைப்பதால், தாய்மார்கள் அதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள்.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் இடத்தில் மற்றவர் புக மாட்டார். வாய்க்குள் அப்படி ஊர்க்கட்டுப்பாடு கிடையாது. பின்னால் உள்ள பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை நின்று இடம் காக்க வேண்டியது. "விழப்போகும் பல்தானே" என்று சொத்தையை அடைக்காமல் விட்டு, ஏழு வயதில் பிடுங்கிவிட்டால், ஆறு வயதுப் பல் முன்னே சாய்ந்து அந்த இடத்தில் புகுந்துகொள்ளும். வளைவின் நீளம் குறையும். பதினொரு வயதுக்குமேல் வரும் மேல் கோரைப்பல், இடமின்றி ஈற்றின் மேலே ஏறி நிற்கும். அதிர்ஷ்டத் தெத்துப்பல்லின் கதை பலரிடம் இதுதான்!

தாடை சிறிதாகவும் பல் பெரிதாகவும் பிறவியிலேயே அமைந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கம்பி கட்டத்தான் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கம்பி வைத்தியம் ஒன்றரை, இரண்டு ஆண்டு நடப்பது. மாதந்தோறும் மருத்துவரிடம் போக வேண்டும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு முறையும் அப்பாவின் ஏரித்தொழிலோ அம்மாவின் மீன்கூடையோ ஒரு நாள் நிற்கும். ஆகவே வருமுன் காப்பது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கே மிகவும் தேவை.

2013இல் நடுவண் அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் நோய்ப் பட்டியலில் பல் நோயும் உண்டு. பள்ளிகளில் நடக்கும் சோதனை சொத்தையை எண்ணுவதோடு நில்லாமல், இரண்டாம் வகுப்புத் தங்கைகளின் பல்வளைவையும் கடியையும் பார்க்க வேண்டும். பெற்றோரும் அன்று உடனிருந்தால் நல்லது. பால்பல்லை எடுத்தே தீரவேண்டும் என்றால், அண்டைப் பல் சாயாதபடி சிறு கம்பி வளையம் பொருத்தி அந்த இடத்தைக் காக்கலாம். "இடத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள், டாக்டர்?" என்று பல்லைப் பிடுங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், அம்மா.